துள்ளிய வண்டியும் தள்ளிப்போட்ட கேள்வியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் அலகு 'இயக்க விதிகள்'. அதில் கணத்தாக்கைப் பற்றிப் படிக்கும் இடத்தில், மேடுபள்ளமான சாலையில் வண்டி குலுங்குவதைக் குறைக்கச் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் பொருத்தப்படுகின்றன என்ற எடுத்துக்காட்டு வரும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுக்கும் எடுத்துக்காட்டும் அங்கேயே இருக்கும். பல ஆண்டுகளாக இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, "மோதும் நேரம் கூடினால் விசை குறையும்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவேன்.

ஓர் ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுதுன்னா எதுக்கு ரெண்டு? எங்க தாத்தா வச்சிருந்த வில்வண்டியில பட்டை மட்டுந்தான் இருந்துச்சாம். அது துள்ளாதாம் சார்."

"அது பாடத்துல இல்லம்மா. தேர்வுக்கு இந்த வரி போதும்" என்றேன். அவள் உட்கார்ந்து அந்த வரியை எழுதிக்கொண்டாள். அதன் பிறகு பல வாரங்கள் என் வகுப்பில் அவள் கை உயரவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை. உறைக்க வைத்தது என் பழைய கார்.

வண்டி பேசத் தொடங்கியது

நான் மேல்பட்டாம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். என்னிடம் இருப்பது இருபது வயதைத் தொட்ட மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கி 2014 ஜனவரி வரை தயாரான வண்டி அது. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி செல்லும் சாலையில்தான் என் அன்றாடப் பயணம். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து செல்ல வேண்டும். மழை முடிந்தால் பள்ளங்களை எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு வண்டியில் மூன்று மாற்றங்கள் தெரிந்தன. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் இடதுபுறம் 'டக்... டக்' என்று ஒலி. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடியது. முன் டயரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். முன்பக்க மட்கார்டின் மேல் இரு கைகளையும் ஊன்றி அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். வண்டி எழுந்தது, இறங்கியது, மறுபடியும் எழுந்தது. "நல்ல ஷாக்குன்னா ஒரு தரம் எழும்பி நின்னுடணும் சார். இது ஊஞ்சல் ஆடுது" என்றார். ஷாக் அப்சார்பரின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. பிறகு சக்கரத்தைத் தூக்கி, கம்பியால் நெம்பிக் காட்டினார். லோயர் ஆர்மின் முனையிலிருந்த பால் ஜாயின்ட் கடகடவென்று ஆடியது. மறுமுனையிலிருந்த ரப்பர் புஷ் வெடித்துப் பிளந்திருந்தது.

வேலையை வீட்டிலேயே நான் செய்ய விரும்புகிறேன் என்றேன். பணத்தை மிச்சம் பிடிப்பது ஒரு காரணம். பாடத்தில் நான் சொல்லிவரும் பொருளை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எல்லாம் செய்ங்க சார். ஸ்பிரிங்ல மட்டும் கை வைக்காதீங்க. அதைக் கழட்டி எங்கிட்ட எடுத்தாந்துடுங்க."

தூக்குவதற்கு முன்

முதல் ஞாயிறு. சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்த வேண்டும். ஒரு நட்டு அசையவில்லை. ஸ்பானரின் நீளம் 25 செ.மீ. அதன் முனையில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புத்திறன் 50 நியூட்டன் மீட்டர். ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை 75 செ.மீ. ஆக்கினேன். அதே விசைக்கு 150 நியூட்டன் மீட்டர். நட்டு முனகிக்கொண்டு இளகியது. நான் உழைத்தது கூடவில்லை, தூரம்தான் கூடியது. விசையின் திருப்புத்திறனுக்கு இதைவிட எளிய கணக்கை நான் வகுப்பில் கொடுத்ததில்லை.

அடுத்தது ஜாக்கி. எங்கள் வீட்டு வாசல் மண் தரை. மழை ஈரம் இன்னும் காயவில்லை. தூக்கத் தொடங்கியதும் வண்டி எழுவதற்குப் பதில் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். ஜாக்கியின் அடித்தட்டு 10 செ.மீ. சதுரம் என்றும், அதன்மேல் 2000 நியூட்டன் எடை விழுகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் 2,00,000 பாஸ்கல். அடியில் 30 செ.மீ. சதுரமான கெட்டிப் பலகையை வைத்தால் பரப்பு ஒன்பது மடங்காகிறது. அழுத்தம் ஏறத்தாழ 22,000 பாஸ்கலாகக் குறைகிறது. எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்' அன்று என் காலடியில் கிடந்தது.

ஆனாலும் பலகையை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கெட்டியான சிமெண்டுத் தளத்துக்கு வண்டியைத் தள்ளிச் சென்றேன். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. அவை எச்சரிக்காமல் நொறுங்கும்.

ஒரு பக்கம் பழுதுக்கு இரண்டு பக்கமும் ஏன் தூக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வண்டியின் குறுக்கே ஓடும் ஸ்டெபிலைசர் பார் இரு பக்க ஆர்ம்களையும் இணைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தக் கம்பி முறுக்கேறி நிற்கும். அந்நிலையில் நட்டைக் கழற்றினால் கம்பி விசிறி அடிக்கலாம். இரண்டு பக்கமும் தொங்கினால் முறுக்கு இல்லை.

வண்டிக்கும் மூட்டுகள் உண்டு

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை. அதன் வெளிமுனையில் பால் ஜாயின்ட். ஓர் உருண்டை ஒரு கிண்ணத்துக்குள் எல்லாப் பக்கமும் திரும்பும். தோள்பட்டையையும் இடுப்பையும் காட்டி நாம் வகுப்பில் கற்பிக்கும் பந்துக் கிண்ண மூட்டேதான். சக்கரம் மேலும் கீழும் போக வேண்டும், இடமும் வலமும் திரும்பவும் வேண்டும், ஆகவே அங்கே அந்த மூட்டு. உள்முனையில் ரப்பர் புஷ். அங்கே மேலும் கீழும் ஆடினால் போதும். முழங்கையின் கீல் மூட்டைப் போல.

ஸ்டெபிலைசர் முனையின் பின்னை எடுத்து நட்டைக் கழற்றி, பால் ஜாயின்டைப் பிடித்திருந்த போல்ட்டை உருவி, கடைசியாக உள்முனை போல்ட்டைக் கழற்றியதும் ஆர்ம் கையோடு வந்தது. புதிய ஆர்மையும் பழையதையும் பக்கத்தில் வைத்தேன். புதிய பால் ஜாயின்டைத் திருப்ப விரல் வலித்தது. பழையது காற்றில் ஆடியது. அந்த 'டக்' ஒலி, கிண்ணத்துக்குள் உருண்டை மோதிய ஒலி. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்றிருக்கும், ஓடும் வண்டியில் சக்கரம் சாய்ந்திருக்கும்.

புதியதைப் பொருத்தி எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டுப் பெருமையாக நின்றேன். மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "புஷ் போல்ட்டை லூஸ் பண்ணுங்க சார். வண்டியை இறக்கிட்டு அப்புறம் இறுக்குங்க" என்றார். காரணம் கேட்டேன். புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. வெளிக்குழாயை ஆர்ம் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ரப்பர். ஆர்ம் ஆடும்போது எதுவும் வழுக்குவதில்லை, ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கியபடியே இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் விழுந்த பிறகு இறுக்கினால், வழக்கமான நிலையில் ரப்பர் ஓய்வாக இருக்கும். என் வேலையில் இருந்த பிழை வெளியே தெரியாது. சில மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

ஒரு கையில் சுருள், மறு கையில் தண்டு

இரண்டாம் ஞாயிறு ஷாக் அப்சார்பர். மாருதியின் முன்பக்கத்தில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இல்லை. சுருளுக்கு நடுவில் ஷாக் அப்சார்பர் நின்று, இரண்டும் சேர்ந்து ஒரே தூணாக இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் 1940-களில் உருவாக்கிய அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் இதுதான். நான் இத்தனை ஆண்டுகள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்ததற்கு இந்தத் தோற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரேக் குழாயின் கிளிப்பை விடுவித்து, கீழே இருந்த இரண்டு போல்ட்டுகளையும் மேலே எஞ்சின் அறையில் இருந்த ஓரத்து நட்டுகளையும் கழற்றித் தூணை முழுதாக வெளியே எடுத்தேன். மேலே நட்டநடுவில் பெரிய நட்டு ஒன்று இருக்கிறது. அதைத் தொடவில்லை. அமுக்கப்பட்ட சுருளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஒரு கணக்குக்காக, சுருளின் விசை மாறிலி மீட்டருக்கு 20,000 நியூட்டன், அது 10 செ.மீ. அமுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேமித்திருக்கும் ஆற்றல் 100 ஜூல். 1 மீட்டர் உயரத்திலிருந்து 10 கிலோ கல் விழுவதற்குச் சமம். அந்தக் கல் நம் முகத்துக்கு நேராக வரும் என்று நினைத்துக்கொண்டால் மெக்கானிக் போட்ட நிபந்தனை புரியும்.

இரண்டு பக்கத் தூண்களையும் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று போட்டால் வண்டி ஒருபுறம் இழுக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவர் கம்ப்ரஸர் என்ற கருவியால் சுருளை இரண்டு பக்கமும் கவ்விக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, நடு நட்டைக் கழற்றினார். முதல் முறையாக இரண்டும் தனித்தனியாக என் முன்னால் கிடந்தன.

சுருள் பழையதுதான், ஆனால் நன்றாக இருந்தது. ஷாக் அப்சார்பரின் தண்டை உள்ளே தள்ளினேன். சைக்கிள் பம்பைப் போலக்கூட இல்லை. வெறுமனே உள்ளே போனது, அப்படியே நின்றது. புதியதைத் தள்ளினேன். மெதுவாகத் தள்ளினால் மெதுவாக இடம் கொடுத்தது. வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நின்றது.

என் மாணவி கேட்டதற்கு விடை அப்போது என் கையில் இருந்தது. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது சுருள்வில். மோதும் நேரத்தை நீட்டி விசையைக் குறைப்பது அதன் வேலை. ஆனால் சுருள்வில் வாங்கியதை வைத்துக்கொள்வதில்லை, திருப்பிக் கொடுத்துவிடும். நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாகி, மறுபடி நிலை ஆற்றலாகி, வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெயின் பாகுநிலையால் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. மோசமான சாலையில் ஓடி வந்த வண்டியின் ஷாக் அப்சார்பர் சூடாக இருப்பது இதனால்தான். பதினோராம் வகுப்பில் இதற்குத் 'தடையுறு அலைவுகள்' என்று பெயர்.

அதிர்ச்சியை உறிஞ்சுவது என்று பெயர் வைத்துக்கொண்டு, உண்மையில் அது உறிஞ்சுவது அதிர்ச்சிக்குப் பின் வரும் ஆட்டத்தை. பாடநூல் வரியில் பிழை இல்லை. 'சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும்' என்பதில் இருந்த 'உம்'மை நான்தான் விளக்காமல் விட்டிருந்தேன்.

வில்வண்டி ஏன் துள்ளவில்லை?

கேள்வியின் மறுபாதி மிச்சம் இருந்தது. பட்டறை வாசலில் கரும்பு டிரெய்லர் ஒன்று நின்றிருந்தது. அதன் அச்சுக்கு மேல் பட்டை பட்டையாக அடுக்கிய வில். தாத்தாவின் வில்வண்டியில் இருந்ததும் இதே வகைதான். "அண்ணே, இதுல ஷாக் இல்லியே, துள்ளாதா?" என்று கேட்டேன்.

"பட்டைக்குப் பட்டை தேயுதுல்ல சார். அந்தத் தேய்மானமே புடிச்சு நிறுத்திடும்."

பட்டைகள் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்கின்றன. அந்த உராய்வு ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்குகிறது. வில்லும் அடக்கியும் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. சுருள்வில்லில் உராய்வதற்கு எதுவும் இல்லை, ஆகவே துணைக்கு ஒருவர் வேண்டும். வேகம் கூடிய வண்டிகளுக்குப் பட்டையின் உராய்வு மட்டும் போதாது என்பதால் பட்டை வில் உள்ள பல வண்டிகளிலும் ஷாக் அப்சார்பர் வைக்கிறார்கள். மாட்டு வண்டியின் வேகத்துக்கு அந்த உராய்வே போதும்.

வகுப்பறைக்கு எடுத்துச் சென்றவை

பழைய ஆர்மையும் ஷாக் அப்சார்பரையும் துடைத்து வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அவற்றோடு செய்த செயல்பாடுகள் இவை. கார் இல்லாத வகுப்பிலும் செய்யலாம்.

1. ஆடும் கல்: ரப்பர் பேண்டுகளைக் கோத்து ஒரு கல்லைத் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். நிற்கும்வரை எத்தனை ஆட்டம் என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்து, கல் வாளித் தண்ணீருக்குள் மூழ்கியபடி ஆடட்டும். இரண்டு எண்ணிக்கையையும் மாணவர்களே அட்டவணையில் எழுதட்டும்.

2. ஊசியில்லாச் சிரிஞ்சு: புதிய 10 மி.லி. சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாகவும் வேகமாகவும் தள்ளச் சொல்லுங்கள். பிறகு தேங்காய் எண்ணெயில் செய்யுங்கள். வேகம் கூடினால் தடை கூடுவதைக் கட்டைவிரல் சொல்லும். ஷாக் அப்சார்பரின் உள்ளே நடப்பது இதுதான்.

3. ஸ்கேல் வில்: ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து மறுமுனையைத் தட்டிவிடுங்கள், நெடுநேரம் அதிரும். நான்கு ஸ்கேல்களை அடுக்கி ரப்பர் பேண்டால் கட்டித் தட்டினால் சட்டென்று அடங்கும். வில்வண்டியின் இரகசியம் எல்லோர் பையிலும் இருக்கிறது.

4. தொடக்க வகுப்புகளுக்கு: ரப்பர், ஸ்பாஞ்சு, களிமண், பேனா ஸ்பிரிங் ஆகியவற்றை அமுக்கி, 'திரும்பி வருபவை', 'திரும்பி வராதவை' என்று பிரிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது செயல்பாட்டைக் கணக்குச் சொல்லாமல் இவர்களுக்கும் காட்டலாம்.

சில எச்சரிக்கைகள். தூக்கி நிறுத்திய வண்டியருகே மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். சுருளோடு இணைந்த தூணை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம், பிரித்த பிறகே கொண்டுவர வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரை அறுத்துக் காட்ட முயல வேண்டாம். சிலவற்றில் அழுத்தத்தில் வாயு இருக்கும். வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள், முடித்த பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புது டயரும் ஒருபக்கமாகத் தேயும்.

அந்த மாணவி

செயல்பாடுகளைத் தொடங்கும் முன் அவளை எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "அன்னிக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலம்மா. தெரியலன்னு சொல்லாம, பாடத்துல இல்லன்னு சொல்லிட்டேன்." வகுப்பு அமைதியாக இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நான்கு ஸ்கேல்களையும் கட்டித் தட்டியவள் அவள்தான். அடங்கியதும் மறுபடி தட்டினாள். மூன்றாவது முறைக்குப் பிறகு கை உயர்ந்தது. "சார், பட்டைக்கு நடுவுல எண்ணெய் போட்டா வில்வண்டி துள்ளுமா?"

"தெரியலம்மா. செஞ்சு பாப்போம்" என்றேன்.

ஸ்கேல்களுக்கு நடுவில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்ப்பது மறுநாள் வேலையாயிற்று. அன்று முதல் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எனக்கு விடை தெரியாத கேள்விகளை, கேட்டவர் பெயரோடு அங்கே எழுதிவிடுகிறேன். விடை கிடைக்கும்வரை அவற்றை அழிப்பதில்லை. இப்போது அங்கே ஐந்து கேள்விகள் இருக்கின்றன. இரண்டு அவளுடையவை.